இருபத்தெட்டு நாள் மாதம்

அலைபேசிக்கு எந்தத் திட்டம் போடுவது நல்லது என்று தமிழாசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. அதற்கு மாணவர்கள் இருக்கிறார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் இருக்கிறார். கிரிக்கெட்டுக்கு நடுவே வந்துபோகும் விளம்பரங்கள் இருக்கின்றன. ஆயினும் சில ஆண்டுகளாக இக்கேள்வி நம்மை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாடலுக்கு உரை காண்பதில் செலவிட வேண்டிய மாலைப்பொழுதுகள் சிலவற்றை, ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகியோரின் கட்டணப் பட்டியல்களை ஒப்புநோக்குவதில் கழித்திருக்கிறோம். அந்தப் பட்டியல்களும் உரை வேண்டி நிற்பவையே. சொல்லியதைவிடச் சொல்லாமல் விட்டது அவற்றில் மிகுதி.

இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க. ஆனால் இவ்விஷயம் அவர்களுக்கு அயலானதன்று. நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியில் குறைவாகப் புழங்குகிறவர்கள். காலையில் ஒரு கட்டுரை, மாலையில் இரண்டு கவிதை, நண்பர்கள் அனுப்பும் இணைப்புகள், வங்கிக் கணக்கு, தொடர்வண்டி நேரம்; இவ்வளவே. இத்தகையோரை மனத்தில் வைத்துச் சந்தையில் திட்டங்கள் வகுக்கப்படுவதில்லை. நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி, 3 ஜிபி என்று அள்ளி வழங்குகிறவர்கள், ‘எனக்கு மாதத்துக்கே ஒரு ஜிபி போதும்’ என்பவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நமக்குக் குடியிருப்பு கடலூரில் மஞ்சக்குப்பம். ஜெயகாந்தன் பிறந்த பகுதி என்பதால் முகவரி எழுதும்போது சற்றுப் பெருமையும் உண்டு. பணி சிதம்பரத்தில். திருப்பாதிரிப்புலியூரில் வண்டி ஏறினால் கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று உப்புக்காற்றோடு சென்று சிதம்பரத்தில் இறங்கலாம். தாயார் சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய பழைய வீட்டில் இருக்கிறார். கடலூருக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும் கோயில் மணிச்சத்தம் கேட்காத ஊரில் தூக்கம் வராது என்பார். ஆகவே இரண்டு வீடு, மூன்று அலைபேசி. நம்முடையது ஒன்று, துணைவியாருடையது ஒன்று, தாயாருடையது ஒன்று. எல்லாம் திறன்பேசிகளே. தாயாரிடம் இருப்பது பேரன் பயன்படுத்திக் கைமாறியது.

எந்தத் திட்டம் என்று தேடுமுன் எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். இதை ஏனோ பலர் செய்வதில்லை. மின்சாரக் கணக்கைப் பார்க்கிறோம், எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது என்று நாட்காட்டியில் குறிக்கிறோம். தரவுக்கு மட்டும் கடைக்காரர் சொல்வதே கணக்கு. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் ‘தரவுப் பயன்பாடு’ என்றொரு பகுதி உண்டு. எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அது பிசகாமல் சொல்லும். நாம் மூன்று பேசிகளையும் ஒரு மாதம் கண்காணித்தோம். நம்முடையது 2.8 ஜிபி. துணைவியாருடையது அதைவிடச் சற்று அதிகம். தாயாருடையது 900 எம்பி. அதிலும் பாதிக்கு மேல் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் வந்து விழும் காலை வணக்கப் படங்களும், தாமே இறங்கிக்கொள்ளும் காணொளிகளும். தானிறக்கத்தை நிறுத்தி, செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வதையும் தடுத்த பிறகு, மறுமாதம் 400 எம்பியில் நின்றது. அவர் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. வேண்டிய படத்தைத் தொட்டால் அது வருகிறது என்பதே அவருக்குப் புதிய விளையாட்டாயிற்று.

எழுத்து எத்தனை இலேசானது என்பதை இந்தக் கணக்கின்போதுதான் முழுமையாக உணர்ந்தோம். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘கு’ என்பது இரண்டு குறி சேர்ந்தது ஆகையால் 6 பைட். இப்படிப் பார்த்தால் குறட்பா ஒன்று சுமார் 165 பைட் ஆகும். 1330 குறளும் சேர்ந்து கால் எம்பிக்குள் அடங்கிவிடும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்று ஒருவர் நமக்கு அளித்தால், திருக்குறளை நாள்தோறும் ஆறாயிரம் படிகள் இறக்கிக்கொள்ள அனுமதித்திருக்கிறார் என்று பொருள். 250 பக்க நாவல், எழுத்துக் கோப்பாக இருந்தால், ஒன்றரை எம்பியைத் தாண்டாது. 1998 பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சாலேயே வளர்ந்தது. அதன் நூல்களை ஓராண்டு விடாமல் படித்தாலும், மலிவான திட்டத்தின் ஓரத்தைக்கூட நம்மால் கரைக்க முடியாது. பக்கங்களைப் படமெடுத்த மின்னூல்கள் வேறு கதை. அவை 20, 30 எம்பி என்றிருக்கும். சில நூறையும் தாண்டும். காணொளியோ நடுத்தரத் தெளிவில் மணிக்கு அரை ஜிபி அளவு கேட்கும். ஆக, ஒருவருக்கு எவ்வளவு தரவு வேண்டும் என்பது அவர் படிப்பவரா, பார்ப்பவரா என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும் என்று சில திட்டங்களில் பொடியெழுத்தில் போட்டிருப்பார்கள். மாணவர்களுக்கு இது மரண தண்டனை. நாமோ புன்னகைத்தோம். தொலைபேசிக் கம்பி வழியாக 56 கிலோபிட் வேகத்துக்கு மேல் போகாத மோடத்தைக் கூவவிட்டுக் காத்திருந்த காலத்தில்தான் இணையத்தில் தமிழ் வளர்ந்தது. உலாவு மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, எழுத்துரு சேராமல் பெட்டி பெட்டியாகத் தெரிந்த பக்கங்களையும் வாசித்தோம். 64 கிலோபிட்டில் திருக்குறள் முழுதும் வந்துசேர அரை நிமிடம் போதும். இன்றைய இணையப் பக்கங்கள் படமும் விளம்பரமுமாகப் பருத்துவிட்டதால் அந்த வேகம் போதவில்லை என்பது உண்மையே. பருத்தது பக்கம், எழுத்தன்று.

நிற்க. 400 எம்பி போதுமானவருக்கு மிக மலிவான திட்டம் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் பட்டியலின் சொல்லாத பொருள் வெளிப்படுகிறது. நாம் வாங்குவது தரவையன்று, நாட்களை.

சிறிது பின்னோக்கிப் போவோம். இந்தியாவில் அலைபேசிச் சேவை தொடங்கியது 1995 ஜூலை 31இல். அப்போது அழைப்பவரும் பணம் கொடுத்தார், அழைக்கப்பட்டவரும் கொடுத்தார். 2003இல்தான் உள்வரும் அழைப்பு இலவசமாயிற்று. அதன்பின் அலைபேசி என்பது ஏழைக்கும் எட்டியது. பணமில்லாதவர் ‘மிஸ்டு கால்’ கொடுப்பார். பணமுள்ளவர் திருப்பி அழைப்பார். ஒரு மணி அடித்தால் வந்துசேர்ந்தேன், இரண்டு அடித்தால் வண்டி தாமதம் என்று வீட்டுக்கு வீடு குறிமொழி இருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு எண்ணிய நாட்களுக்குப் பின், சுருங்கச் சொல்லும் கலை மீண்டும் தழைத்த காலம் என்று அதைக் கூறலாம். 2005 இறுதியில் ‘வாழ்நாள் திட்டம்’ வந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுதும் எண் உங்களுடையது. யாருடைய ஆயுள் என்பது பின்னால்தான் விளங்கிற்று. நிறுவனத்தின் உரிமம் உள்ளவரை என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கிய ஏர்செல், 2018இன் தொடக்கத்தில் திவால் மனுப் போட்டு அடங்கியது. வாடிக்கையாளர்கள் நிறுவனத்தைக் கடந்து வாழ்ந்தார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் மற்ற நிறுவனங்களின் கடைவாசலில் மக்கள் எண் மாற்ற வரிசை கட்டி நின்றதை அப்போது கண்டோம்.

2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மின்னஞ்சலைப் பார்த்தவுடன் தரவை அணைத்துவிடுவது அந்நாளைய ஒழுக்கம். பிறகு தரவின் விலை அதலபாதாளத்துக்கு இறங்கியது. உலகிலேயே மலிவான தரவு கிடைக்கும் நாடுகளுள் ஒன்று இந்தியா என்று பெருமையாகப் பேசினார்கள். பேசியது பொய்யில்லை. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு விலை ஓசையின்றி ஏறத் தொடங்கிற்று. அதுதான் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் விலை.

2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் என்று ஓர் அடித்தளம் போட்டன. அதற்கு முன் பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் ஏராளம். அவர்களை நிறுவனங்கள் சுமையாகக் கருதின. அடித்தளம் பிறகு உயர்ந்தது. ஏர்டெல்லில் 2021இல் 79 ஆகி, அவ்வாண்டிலேயே 99 ஆகி, 2023இல் 155 ஆகி, 2024 ஜூலையில் 199 ஆயிற்று. ஆறு ஆண்டுகளுக்குள் ஐந்தரை மடங்குக்கும் மேல். 35 ரூபாய்க்குச் சிறிதளவு பேச்சுக்காசும் தரவுமே கிடைத்தன, 199க்கு அளவில்லாப் பேச்சும் 2 ஜிபியும் கிடைத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பீடு முழுதும் பொருந்தாது. எனினும் குறைவாகப் பேசுகிறவருக்கு அளவில்லாமை எதற்கு? பசியில்லாதவனுக்குப் பந்தியில் எத்தனை கறி என்பதைச் சொல்லி என்ன பயன்?

இதில் பிழைப்பு அடங்கியிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம். எண் இன்று பேசுவதற்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கணக்கு அதனோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆதார் கட்டப்பட்டிருக்கிறது, எரிவாயு, குடும்ப அட்டை, கல்லூரி உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் அதில்தான் வருகிறது. திட்டம் முடிந்தால் வெளியழைப்பு உடனே நிற்கும். சில நாட்களில் உள்வருவதும் நிற்கும். நெடுநாள் கிடந்தால் எண்ணே வேறொருவருக்குப் போய்விடும். கிள்ளைப் பக்கத்திலிருந்து வரும் நம் மாணவி ஒருத்தி, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் வகுப்பு வாசலில் நின்றாள். பதிவு செய்திருந்தது அவள் தந்தையின் எண். அவர் கடலுக்குப் போகாத மாதங்களில் ரீசார்ஜ் செய்வதில்லை. எண் செத்திருந்தது. அன்று மாலைக்குள் அதை உயிர்ப்பித்துக் கடவுச்சொல்லை வரவழைத்தோம். அதற்கு ஆன செலவு 199 ரூபாய். அதனால் அவளுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கல்வி.

தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 28 நாளைக்கு ஒருமுறை 199 என்றால் ஆண்டுக்கு 13 முறை, 2,587 ரூபாய். இரண்டு மாத உதவித்தொகைக்கும் மேல். அந்த உதவித்தொகை வந்துவிட்டதா என்று அறிவதற்கும் இந்த எண்தான் வேண்டும்.

பதின்மூன்று முறை என்றோமே, அந்த 28 நாளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மாதங்களில் 29 நாளுக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. 32 வரை போகும். ஆங்கில மாதங்களில் பிப்ரவரி ஒன்றுதான் 28, அதுவும் நான்காண்டுக்கொரு முறை மனம் மாறும். நாடு முழுதும் சம்பளமும் வாடகையும் உதவித்தொகையும் மாதக்கணக்கில் நடக்கையில், அலைபேசிக்கு மட்டும் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் தலையிட்டது: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்கது ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வைத்திருக்கிறார்கள், கடையின் சுவரில் ஒட்டிய தாளில் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். ‘ஒரு மாசத்துக்குப் போடுங்க’ என்று கேட்டால் 28 நாளையே போடுகிறார் கடைக்காரர். லாரன்ஸ் சாலையில் நமக்குப் பழக்கமான கடையில் இதைக் கேட்டபோது, “சார், எல்லாரும் அதத்தான் மாசம்னு சொல்றாங்க” என்றார். சொல்லின் பொருள் மாறுவதை மொழியியல் வகுப்பில் நடத்துகிறோம். இதோ கண்ணெதிரே ஒரு சொல் இரண்டு, மூன்று நாள் சுருங்கிவிட்டது. ‘வேலிடிட்டி’யும் அப்படியே. செல்லுபடிக் காலம் என்று நாம் எழுதுகிறோம். கீரை விற்கும் பெண்மணி முதல் அனைவரும் சொல்வது வேலிடிட்டி. ‘அவருக்கு வேலிடிட்டி முடிஞ்சுபோச்சு’ என்று மனிதரைக் குறித்தே கேலி பேசுமளவுக்கு வேரூன்றிவிட்டது.

ஆக, ஜிபிக்கு எவ்வளவு என்று வகுப்பதை விட்டு, நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 2024 ஜூலை உயர்வுக்குப் பின் ஏர்டெல்லில் இருந்த விலைகளை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய். நாளைக்கு 12 ரூபாய் 46 காசு. மொத்தம் 2 ஜிபி தரும் 199 ரூபாய்த் திட்டம் நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. 365 நாளைக்கு மொத்தம் 24 ஜிபி தந்த 1,999 ரூபாய்த் திட்டம் நாளைக்கு 5 ரூபாய் 48 காசு. ஜிபி கணக்கில் பார்த்தால் முதலாவதே ஆக மலிவு. மூன்றாவது அதைவிட மிகவும் விலை கூடியது. நாள் கணக்கில் அப்படியே தலைகீழ். குறைவாகப் புழங்குகிறவர் மூன்றாவதை எடுத்திருந்தால் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் மிச்சப்பட்டிருக்கும். நம் நூலகத்துக்கு ஆண்டுதோறும் ஏழெட்டு நூல் வாங்கும் தொகை அது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. படிக்கிறவர் படிக்கும் நாளில் உள்ள எண்களை இட்டு இதே வகுத்தலைச் செய்துகொள்ளலாம். ‘ஆண்டுத் திட்டம்’ என்ற பெயரை நம்பாமல் நாட்களை எண்ணுவதும் அவசியம். சிலவற்றில் ஆண்டு என்பது 336 நாள், பன்னிரண்டு இருபத்தெட்டு.

மொத்தமாகத் தரும் தரவில் இன்னொரு நன்மை உண்டு. தினசரித் திட்டத்தில் மிஞ்சியது நள்ளிரவில் அழிந்துபோகும். மறுநாள் மீண்டும் ஒரு குடம் நிரம்பும்; அதுவும் கவிழும். குறைவாகப் புழங்குகிறவர் வாங்கியதில் பெரும்பங்கு இப்படி இரவோடிரவாக ஆவியாகிறது. மொத்தத் திட்டத்திலோ 24 ஜிபியும் ஆண்டு முழுதும் கிடக்கும். பேரன் பேத்திகள் வந்த விடுமுறையில் 3 ஜிபி போனால், ஆடி மாதத்தில் அரை ஜிபியோடு நின்றுவிடும். தீர்ந்துபோனால் தனியே சிறு தரவுப்பொதி போட்டுக்கொள்ளலாம்.

2024 டிசம்பர் 23இல் ட்ராய் மற்றொரு விதி கொண்டுவந்தது. தரவே வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும். சிறப்புத் திட்டங்களின் காலவரம்பு 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டப்பட்டது. முதியோருக்கும் சிற்றூர்களுக்கும் இது பெரும் விடிவு என்று எதிர்பார்த்தோம். 2025 ஜனவரியில் பட்டியல் வெளிவந்தது. ஏர்டெல்லில் 365 நாளைக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 336 நாளைக்கு 1,748. முந்தைய ஜூலையில் 24 ஜிபியோடு 1,999 இருந்ததை நினைவுகூர்க. 24 ஜிபியையும் கழித்துவிட்டால் குறைவது 150 ரூபாய். அப்படியென்றால் அத்தனை தரவின் விலையும் 150தான். மீதி 1,849ம் நாட்களுக்கு. நாம் மேலே சொன்னதை நிறுவனமே கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொண்டோம். கைப்பேசியில் பணம் பெறுவோரும், பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க விரும்புவோரும் அந்த 150க்காகத் தரவை விடுவது தகாது. வெறும் பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அது சரி.

பிஎஸ்என்எல்லைப் பற்றிக் கேட்பார்கள். 2024 ஜூலையில் மற்ற மூவரும் விலையேற்றியபோது அது ஏற்றவில்லை. அடுத்த சில மாதங்களில் அதன்பால் மக்கள் பெயர்ந்ததை ட்ராயின் மாதக் கணக்குகள் காட்டின. உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பர் 27இல் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அதன் சமிக்ஞை எப்படி என்பதே கேள்வி. இது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். விலை பார்க்குமுன், வீட்டின் உள்ளறையிலும் பணியிடத்திலும் போகும் வழியிலும் எது எடுக்கிறது என்று பாருங்கள். சிதம்பரத்துத் தெருக்களில் சுவர்கள் தடிமனானவை. திண்ணையில் நான்கு கோடு காட்டும் பேசி கூடத்தில் ஒன்றுமில்லை என்கிறது. பக்கத்து வீட்டாரைக் கேட்பதே சிறந்த சோதனை. பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். 2011 ஜனவரி முதல் நாடு முழுதும் அந்த வசதி உண்டு. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீடு பெறவேண்டும். நீங்கள் வைத்திருப்பது எத்தனை மலிவான திட்டமாயினும் அந்தச் செய்தியை அனுப்பவிடாமல் தடுக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் ட்ராய் அறிவுறுத்தியிருக்கிறது. இதை அறியாமல், மாறுவதற்கென்றே விலை கூடிய திட்டத்தைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

கடலூர் மாவட்டத்தவருக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கோபுரங்களின் மின்கலம் தீர்ந்ததும் அலைபேசிகள் ஊமையாயின. சிதம்பரத்தில் தாயார் எப்படி இருக்கிறார் என்று அறிய நாம் பேருந்துக்காக நின்றோம். அதுமுதல் வீட்டில் இருவர் ஒரே நிறுவனத்தின் எண் வைத்துக்கொள்வதில்லை. எல்லாக் கோபுரமும் ஒருங்கே விழுந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒன்று எழுந்தால் ஒருவருக்காவது கிடைக்கும்.

தாயாருக்கு 2024 ஆகஸ்டில் 1,999 ரூபாய்த் திட்டத்தையே போட்டோம். “ஏம்ப்பா, ஒரே தடவையில ரெண்டாயிரமா?” என்று அவர் திகைத்ததும், கணக்கைச் சொன்னதும் தணிந்ததும் வழக்கமான காட்சியே. அன்று திண்ணையில் பூக்காரம்மா இருந்தார். நாற்பது ஆண்டுகளாக நம் வீட்டுக்குப் பூக் கொடுப்பவர், கைம்பெண், அறுபதைத் தாண்டியவர். பூக்கூடையில் பணம் வாங்கும் கட்டப் படம் ஒட்டியிருக்கும். பணம் விழுந்ததா என்று பார்க்க அவருக்கும் ஒரு திறன்பேசி, அவருக்கும் சிறிது தரவு. “எனக்கும் அப்படியே போட்டுவிடு தம்பி” என்றார் முதலில். தொகையைக் கேட்டதும், “அவ்வளவு ஒண்ணாச் சேராதே” என்று எழுந்துகொண்டார். மொத்தமாகக் கொடுக்க இயலாதவரே அதிகம் கொடுக்கிறார்: ஆண்டுக்கு 588 ரூபாய் அதிகம். அவர் செய்துவந்தது வேறொன்று. 28 நாள் முடிந்ததும் நாலைந்து நாள் பேசாமல் இருந்து, கையில் காசு சேர்ந்த பிறகு போடுவாராம். அந்த நாலைந்து நாளும் வாடிக்கையாளரின் கைப்பேசியைப் பார்த்து நம்பிக்கொள்வாராம்.

தாயார் அவரை உட்காரச் சொன்னார். பணத்தை அவரே கட்டுவது, மாதம் 170 ரூபாய் திரும்ப வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தோம். ஒரு மாதமும் தவறவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு முறை மட்டும் பத்து நாள் தள்ளிப்போயிற்று. பன்னிரண்டு கட்டமும் நிரம்பியபோது 2,040 ரூபாய் சேர்ந்திருந்தது. 41 ரூபாய் கூடுதல். தாயார் திருப்பிக் கொடுக்க, பூக்காரம்மா வாங்க மறுத்து, அந்த வாரம் முழுதும் இரண்டு முழம் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். இவர் அதை நடராசருக்குக் கொடுத்தனுப்பினார்.

2025 ஆகஸ்டில் மறு ஆண்டுக்குப் போடப் போனால் பழைய திட்டம் பட்டியலில் இல்லை. 30 ஜிபி, 365 நாள், 2,249 ரூபாய். ஆறு ஜிபி அதிகம் தந்திருந்தார்கள், இருவரும் கேட்காதது. மாதம் 190 ஆகும் என்று சொன்னோம்.

“இருவது ரூவா ஏறிப்போச்சே அக்கா” என்றார் பூக்காரம்மா தாயாரைப் பார்த்து.

“எனக்கும்தான்” என்றார் தாயார். பிறகு நோட்டை எடுத்துவரச் சொன்னார். புதிய பக்கத்தில் மீண்டும் பன்னிரண்டு கட்டம் போட்டோம். இம்முறை 31 ரூபாய் கூடுகிறது. கடைசிக் கட்டத்தில் 159 என்று எழுதிவிடும்படி பூக்காரம்மா இப்போதே சொல்லிவிட்டார்.